இரண்டாண்டு ஒப்பந்தத்தில் ஜெர்மனி செல்லும் ஆய்வாளரின் பணக் கணக்கு

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். நீங்கள் பாளையங்கோட்டையில் ஒரு சுயநிதிக் கல்லூரியில் உதவிப் பேராசிரியர். ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்தில், முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளராக, இரண்டு ஆண்டு ஒப்பந்தம் கிடைத்திருக்கிறது. அக்டோபர் 1ஆம் தேதி பணியில் சேர வேண்டும். பெருமாள்புரத்தில் உங்கள் பெயரில் ஒரு வீடும், அதற்கு மாதம் 18,000 ரூபாய் தவணையும், அதுபோக ஒரு நகைக்கடனும் உண்டு. மனைவியும் மகளும் முதல் ஆறு மாதம் சேரன்மகாதேவியில் உங்கள் பெற்றோருடன் இருந்துவிட்டுப் பிறகு வந்து சேர்வார்கள். எவ்வளவு பணம் எடுத்துச் செல்வது, இங்குள்ள வங்கிக் கணக்குகளை என்ன செய்வது, மாதம் எவ்வளவு ஊருக்கு அனுப்ப முடியும், அப்பா சொல்வதுபோல் அரை ஏக்கர் வயல் வாங்கிப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். என் மகள் ஜெர்மனியில் ஆய்வாளராக இருப்பதால் அந்த ஊர்ச் சம்பளச் சீட்டும் எனக்குப் பழக்கம். அந்த இரண்டையும் வைத்துச் சொல்கிறேன்.

முதலில் அளவுகோலை மாற்றிக்கொள்ளுங்கள். நெல்லைச் சீமையில் வெளிநாட்டுச் சம்பளம் என்றால் வளைகுடாச் சம்பளம்தான் எல்லோர் மனத்திலும் இருக்கிறது. மேலப்பாளையத்திலும் ஏர்வாடியிலும் கடையநல்லூரிலும் எத்தனையோ வீடுகள் அந்தப் பணத்தில் எழும்பியவை. அங்கே சம்பளத்துக்கு வருமான வரி கிடையாது. பல வேலைகளில் தங்குமிடத்தையும் முதலாளியே கொடுத்துவிடுகிறார். ஆகவே வாங்குவதில் பெரும்பகுதியை ஊருக்கு அனுப்ப முடிகிறது. ஜெர்மனியில் நிலைமை வேறு. உங்கள் மொத்தச் சம்பளம் 4,700 யூரோ என்று வைத்துக்கொள்வோம். உறவினர்கள் அதை நூறால் பெருக்கி, ‘மாசம் நாலே முக்கால் லட்சமாம்’ என்று பேசுவார்கள். உங்கள் கணக்கில் வந்து விழுவது ஏறத்தாழ 2,900 யூரோவாக இருக்கும். மீதி வருமான வரிக்கும், ஓய்வூதியக் காப்பீட்டுக்கும், மருத்துவக் காப்பீட்டுக்கும், வேலையின்மைக் காப்பீட்டுக்கும், முதுமைப் பராமரிப்புக் காப்பீட்டுக்கும் போய்விடும். அந்தப் பிடித்தங்களில் சில பின்னால் உங்களுக்கே பயன்படக்கூடியவை என்பதை இந்தப் பதிலின் கடைசிப் பகுதியில் சொல்கிறேன்.

இரண்டாவதாக, இது இரண்டு ஆண்டு வேலை. நீட்டிப்புக் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். முனைவர் பட்டத்துக்குப் பின் ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் ஒப்பந்த அடிப்படையில் வேலை செய்வதற்குச் சட்டமே பொதுவாக ஆறு ஆண்டு என்ற உச்சவரம்பை வைத்திருக்கிறது. ஆகையால், ஒவ்வொரு பண முடிவையும் ஒப்பந்தம் முடியும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி எடுங்கள். அந்தத் தேதிக்கு மறுமாதமும் நின்று நிலைத்துக் கேட்கக்கூடிய புதிய தவணை எதையும் இந்தச் சம்பளத்தை நம்பித் தொடங்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. பல குடும்பங்கள் திணறியதை நான் பார்த்தது சம்பளம் குறைந்ததால் அல்ல. இரண்டு ஆண்டு வருமானத்துக்கு எதிராகப் பதினைந்து ஆண்டுக் கடனை எழுதிக் கொடுத்ததால்தான்.

இனிப் புறப்படும் தேதி. இது உங்கள் விஷயத்தில் மிக முக்கியமானது. அக்டோபர் 1 என்ற பணித்தொடக்கம் ஓர் எல்லைக்கோட்டை ஒட்டி நிற்கிறது. வேலைக்காக வெளிநாடு செல்லும் இந்தியக் குடிமகன், அந்த நிதியாண்டில் 182 நாளுக்குக் குறைவாக இந்தியாவில் இருந்திருந்தால், வருமான வரிச் சட்டப்படி அந்த ஆண்டுக்கு வெளிநாடுவாழ் நபராகக் கருதப்படுவார். ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 28 வரை எண்ணினால் 181 நாள் வருகிறது. புறப்படும் நாளையும் இங்கே இருந்த நாளாகக் கொள்வதுதான் பாதுகாப்பு. எனவே திருவனந்தபுரத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ செப்டம்பர் 28க்குள் விமானம் ஏறிவிட்டால் அந்த ஆண்டின் ஜெர்மன் சம்பளத்துக்கும் இந்திய வரிக்கும் தொடர்பு இல்லை. விசா தாமதமாகி அக்டோபர் முதல் வாரத்தில் புறப்பட்டால், அக்டோபர் முதல் மார்ச் வரை அங்கே வாங்கும் சம்பளத்தையும் இந்தியக் கணக்கில் காட்டவேண்டிய நிலை வரும். இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் இருப்பதால் அங்கே கட்டிய வரியை இங்கே கழித்துக்கொள்ளலாம்; பெரும் நட்டம் இல்லை. ஆனால் அதற்கான படிவங்களும் சான்றுகளும், புது நாட்டில் வீடு தேடிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு வீண் அலைச்சல். இதே காரணத்துக்காக விசா விண்ணப்பத்தைக் கடைசி வரை தள்ளிப்போடாதீர்கள். சான்றிதழ் சரிபார்ப்பு, விசா நேர்காணல் என்று நெல்லை எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போய்வரும் செலவையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். அது எப்போதும் நினைத்ததைவிட ஒரு மடங்கு கூடும்.

கையில் எடுத்துச் செல்லும் பணம் பற்றிக் கேட்டீர்கள். ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் சம்பளம் மாத இறுதியில் வரும். அக்டோபர் 1இல் சேர்ந்தால் அக்டோபர் 31வாக்கில் முதல் சம்பளம் என்பது ஏட்டுக் கணக்கு. ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதோ வங்கிக் கணக்கு எண் கொடுப்பதோ சம்பளப் பிரிவின் அந்த மாதக் கெடுவுக்குப் பிந்திவிட்டால், நிலுவையோடு சேர்ந்து நவம்பர் இறுதியில்தான் வரும். முன்கூட்டியே அலுவலகத்துக்கு எழுதி, தாமதமானால் சம்பளத்தின் ஒரு பகுதியை முன்பணமாகத் தர இயலுமா என்று கேட்டு வைப்பதில் தவறில்லை. அது அங்கே வழக்கத்தில் உள்ளதுதான்.

செலவோ முதல் நாளிலிருந்தே தொடங்கிவிடும். வீட்டுக்கு முன்பணமாக, வெப்பச் செலவும் பிற கட்டணங்களும் சேராத வெறும் வாடகையில் மூன்று மாதத் தொகை வரை கேட்கலாம். அதை மூன்று சம தவணைகளாகக் கட்டும் உரிமையைச் சட்டம் வாடகைதாரருக்குத் தருகிறது என்பது பலருக்குத் தெரியாது; வீட்டுக்காரரிடம் பணிவாக நினைவூட்டினால் முதல் மாதச் சுமை கணிசமாகக் குறையும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் பல வாடகை வீடுகள் காலியாகவே கிடைக்கும். காலி என்றால் அடுக்களை மேடையும் அடுப்பும்கூட இருக்காது, முன்பு குடியிருந்தவர் கழற்றிக்கொண்டு போயிருப்பார். நம் ஊரில் அடுக்களை இல்லாத வீட்டை யாரும் வீடு என்று சொல்லமாட்டோம். ஆகவே முதல் ஆறு மாதம் நீங்கள் தனியாக இருக்கும் காலத்தில், பல்கலைக்கழக விருந்தினர் இல்லமோ தட்டுமுட்டுச் சாமான்களோடு கூடிய ஒற்றை அறையோ போதும். குடும்பம் வருவதற்கு முன் நிதானமாகப் பெரிய வீடு தேடுங்கள்.

வாடகை, முன்பணத்தின் முதல் தவணை, வதிவிட அனுமதிக் கட்டணம், குளிருக்கான உடைகள், சாப்பாடு, பயணம் எல்லாம் சேர்த்து, சம்பளம் இல்லாமல் இரண்டு மாதம் ஓட்டுவதற்கு 5,000 யூரோ கையில் இருந்தால் மனம் அலைபாயாது. யூரோவுக்கு நூறு ரூபாய் என்று எளிதாகக் கொண்டால் ஐந்து லட்சம் ரூபாய். இதில் ரொக்க நோட்டாக எடுத்துச் செல்வதற்கு ரிசர்வ் வங்கி விதிப்படி 3,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரைதான் அனுமதி. அவ்வளவும் வேண்டியதில்லை, அதில் பாதிக்கும் குறைவான நோட்டுகளே போதும். மீதியைப் பயண அட்டையில் ஏற்றிக்கொள்ளுங்கள்; ஒரு பகுதியை இங்கேயே வைத்திருந்து, அங்கே கணக்குத் திறந்த பிறகு அனுப்பச் செய்யுங்கள். ஒரு நிதியாண்டில் இவ்வாறு வெளியே அனுப்பும் தொகை பத்து லட்சம் ரூபாயைத் தாண்டினால், தாண்டும் பகுதிக்கு வங்கி டி.சி.எஸ். (அனுப்பும்போதே பிடிக்கும் வரி) வசூலிக்கும், நீங்கள் அந்த எல்லையை நெருங்கப் போவதில்லை.

இந்த ஐந்து லட்சத்துக்குத் தனிநபர் கடனோ கடன் அட்டையோ வேண்டாம். இருக்கும் சேமிப்பு போதாவிட்டால், நகைக்கடனே நல்லது. மாதத் தவணை கிடையாது, சம்பளச் சான்றும் கேட்பதில்லை. ஆனால் அடகு உங்கள் பெயரில் இருக்கக் கூடாது. அசலையும் வட்டியையும் ஒரே முறையில் கட்டும் நகைக்கடனுக்குக் கெடு பன்னிரண்டு மாதம்தான். மீட்கவோ மறுஅடகு வைக்கவோ பெயருக்குரியவர் நேரில் போக வேண்டும். இப்போது உங்கள் பெயரில் இருக்கும் கடனைப் புறப்படுவதற்கு முன்பே முடித்து, தேவையானால் அம்மாவின் பெயரில் புதிதாக வையுங்கள். மனைவியின் பெயரில் வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம், அவரும் ஆறு மாதத்தில் உங்களிடம் வந்துவிடுவார். பிறகு ஏலக் கடிதம் சேரன்மகாதேவிக்கு வந்தாலும் நேரில் போய் மீட்க அவர் ஊரில் இருக்கமாட்டார். பெயர் பதியாத தெருச் சீட்டு ஏதேனும் போட்டிருந்தால், அதையும் தள்ளுபடி பார்க்காமல் எடுத்து முடித்துவிடுவதே நல்லது.

அங்கே போனதும் செய்யவேண்டிய முதல் வேலை, குடியேறிய இரண்டு வாரத்துக்குள் உள்ளூர் அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்வது. அந்தப் பதிவிலிருந்துதான் வரி அடையாள எண் பிறக்கிறது. வங்கிக் கணக்கும் பெரும்பாலும் அதையே எதிர்பார்க்கும். வரி எண் சம்பளப் பிரிவுக்கு உரிய காலத்தில் போய்ச் சேராவிட்டால், ஆறாம் வரி வகுப்பு என்ற மிகக் கடுமையான வகுப்பில் பிடித்தம் செய்ய நேரலாம். பின்னால் திரும்பக் கிடைத்தாலும் முதல் சம்பளம் சுருங்கிவிடும். குடும்பம் இங்கே இருக்கும்வரை நீங்கள் முதல் வகுப்பில் இருப்பீர்கள். மனைவி அங்கே வந்து பதிவு செய்த பிறகு மூன்றாம் வகுப்புக்கு மாறலாம். அவர் வேலைக்குப் போகாத நிலையில் கைக்கு வரும் சம்பளம் மாதம் சில நூறு யூரோ கூடும். அரசுவழி மருத்துவக் காப்பீட்டில் இருந்தால், வருமானமில்லாத மனைவிக்கும் குழந்தைக்கும் கூடுதல் சந்தா இல்லை. ஜெர்மனியில் வசிக்கும் குழந்தைக்கு அரசு தரும் மாத உதவித்தொகை 2025இல் 255 யூரோவாக இருந்தது. இந்த மூன்றும் சேரும்போது, குடும்பத்தை அழைத்துக்கொள்வது நாம் பயப்படும் அளவுக்குச் செலவாகாது.

விமானச் சீட்டு, சாமான் கட்டணம், விசாக் கட்டணம் ஆகியவற்றின் ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். ஜெர்மனியில் வரியாண்டு என்பது ஜனவரி முதல் டிசம்பர் வரை. நீங்கள் முதல் ஆண்டில் மூன்று மாதம்தான் சம்பாதித்திருப்பீர்கள். ஆனால் மாதப் பிடித்தம், ஆண்டு முழுவதும் அதே சம்பளம் வாங்குபவரின் கணக்கில் நடந்திருக்கும். வரிவிலக்கு வரம்போ முழு ஆண்டுக்கும் உரியது. 2025இல் அது 12,096 யூரோ. எனவே கணக்குத் தாக்கல் செய்தால் பிடித்த வருமான வரியில் பெரும்பகுதி திரும்ப வரும் வாய்ப்பு மிக அதிகம். வேலைக்காக இடம்பெயர்ந்த செலவையும் அதில் கழிக்கலாம். இந்தியாவில் ஜனவரி முதல் செப்டம்பர் வரை வாங்கிய சம்பளத்துக்கு அங்கே வரி இல்லை; விகிதத்தை நிர்ணயிக்க மட்டும் அதைக் கேட்பார்கள். திரும்ப வருவது உங்கள் பணம். தள்ளிப்போட ஒரு காரணமும் இல்லை.

இனி மாதக் கணக்கு. கைக்கு வருவது 2,900. நீங்கள் தனியாக இருக்கும் காலத்தில், வெப்பச் செலவும் சேர்ந்த வாடகை 850, சாப்பாடு 300, பேருந்து ரயில் மாதச்சீட்டு அறுபது சொச்சம், தொலைபேசியும் இணையமும் 50, வானொலி தொலைக்காட்சிக் கட்டணம் 18.36 (வீட்டில் பெட்டி இல்லாவிட்டாலும் கட்டத்தான் வேண்டும்), மற்றவை 270 என்று வைத்தால் 1,550 ஆகிறது. மற்றவருக்கு நம்மால் நேரும் சேதத்துக்கான பொறுப்புக் காப்பீடு மாதம் சில யூரோதான். அதை மட்டும் விட்டுவிடாதீர்கள். வீட்டுத் தவணை 18,000, பெற்றோருக்கு 17,000 என்று ஊருக்கு 350 யூரோ போனால், மிஞ்சுவது மாதம் ஆயிரம் யூரோ. குடும்பம் வந்த பிறகு வாடகை ஏறும், குழந்தையின் மழலையர் பள்ளிச் செலவு ஊருக்கு ஊர் மாறும். மிச்சம் ஏறக்குறைய பாதியாகக் குறையலாம். ஆகையால் அந்த முதல் ஆறு மாதம்தான் உங்களுக்குக் கிடைக்கும் சேமிப்புக் காலம். அதில் சேரும் தொகையில், முன்பணத்தின் பாக்கியும் பெரிய வீட்டின் சாமான்களும் போக, மூன்று பேருக்குத் திரும்பும் விமானக் கட்டணமும் ஆறு மாத வீட்டுத் தவணையும் தனியாக எடுத்து வைக்கப்பட வேண்டும். அதன் பிறகுதான் நகைக்கடனை அடைப்பதும், தங்கைக்குச் செய்வதும், மற்றதும்.

இங்குள்ள வங்கிக் கணக்குக்கு வருகிறேன். வேலைக்காக நாட்டை விட்டுச் செல்பவர், அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின்படி, போன நாளிலிருந்தே வெளிநாடுவாழ் நபர் ஆகிறார். இதற்கு 182 நாள் கணக்குக் கிடையாது. வருமான வரிச் சட்டமும் இந்தச் சட்டமும் வேறு வேறு அளவுகோல் வைத்திருப்பதால்தான் குழப்பம் வருகிறது. சாதாரணச் சேமிப்புக் கணக்கைத் தொடர்ந்து அப்படியே வைத்திருக்கக் கூடாது. வங்கிக்கு எழுதிக் கொடுத்து என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். இந்தியாவில் பிறக்கும் வருமானம், அதாவது வாடகை, வட்டி, குத்தகை எல்லாம் இதில் சேரும். ஜெர்மனியிலிருந்து அனுப்பும் பணத்துக்கு என்.ஆர்.இ. கணக்கு ஒன்று தனியாகத் திறந்துகொள்ளுங்கள். அதிலிருந்து பணத்தை எப்போது வேண்டுமானாலும் தடையின்றித் திரும்ப வெளிநாட்டுக்கு எடுத்துக்கொள்ளலாம், வட்டிக்கு இந்திய வரியும் இல்லை. கணக்கு மாறும்போது சில வங்கிகளில் கணக்கு எண்ணே மாறிவிடும். வீட்டுக் கடன் தவணைக்குக் கொடுத்திருக்கும் தானியங்கி உத்தரவு அப்போது அறுந்துபோகும். ஒரு தவணை தவறினாலும் கடன் மதிப்பெண்ணில் பதிந்துவிடும். ஆகவே புது எண் வந்த அன்றே உத்தரவைப் புதுப்பிக்க வேண்டும். இந்தியக் கைபேசி எண்ணை வெளிநாட்டு ரோமிங்கோடு உயிரோடு வைத்திருங்கள். ஓ.டி.பி. வராத காரணத்தால் தன் பணத்தையே தொட முடியாமல் தவித்தவர்கள் என் மேசைக்கு வந்ததுண்டு.

என்.ஆர்.ஓ. வட்டிக்கு வங்கி 30 சதவீதமும் கூடுதல் வரியும் பிடிக்கும். ஜெர்மன் வரி அலுவலகத்திடமிருந்து வதிவிடச் சான்று வாங்கிக் கொடுத்தால், இரு நாட்டு ஒப்பந்தப்படி அதைப் பத்து சதவீதமாகக் குறைக்கலாம். என்.ஆர்.இ. வட்டி பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அதற்கு வரியில்லை என்பது இந்தியாவுக்கு மட்டும்தான் பொருந்தும். ஜெர்மனியில் வசிப்பவர் உலகின் எந்த மூலையில் வட்டி வாங்கினாலும் அங்கே கணக்கில் காட்ட வேண்டும். ஆண்டுக்கு ஆயிரம் யூரோ வரை, கணவன் மனைவி சேர்ந்து தாக்கல் செய்தால் இரண்டாயிரம் வரை, முதலீட்டு வருமானத்துக்கு அங்கே விலக்கு உண்டு என்பதால் உங்களுக்குப் பெரும்பாலும் வரி வராது. இரு நாடுகளும் வங்கிக் கணக்கு விவரங்களைத் தாமாகவே பரிமாறிக்கொள்கின்றன. ஆகவே சொல்லாமல் விட்டால் தெரியாது என்று யாரேனும் சொன்னால் நம்பாதீர்கள். பி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி) இருந்தால் முதிர்வு வரை தொடரலாம், நீட்டிக்கவோ புதிதாகத் திறக்கவோ முடியாது. கல்லூரியின் இ.பி.எஃப். (தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி) பணத்தை இப்போது தொட வேண்டாம். ஐந்து ஆண்டுத் தொடர் பணி நிறைவதற்கு முன் எடுத்தால் வரி உண்டு.

பெருமாள்புரம் வீட்டை வாடகைக்கு விடுவதில் ஒரு முடிச்சு இருக்கிறது. வீட்டுக்குரியவர் வெளிநாடுவாழ் நபராக இருந்தால், வாடகைதாரர் வாடகையில் 31.2 சதவீதம் வரி பிடித்துக் கட்டிவிட்டு மீதியைத்தான் தர வேண்டும். 10,000 ரூபாய் வாடகையில் 3,120 போய்விடும். உங்கள் மற்ற இந்திய வருமானம் குறைவு என்பதால் கணக்குத் தாக்கல் செய்தால் பிடித்ததில் பெரும்பகுதி திரும்ப வரும்; அல்லது குறைந்த விகிதத்தில் பிடிக்க வருமான வரித் துறையிடம் முன்கூட்டியே சான்று வாங்கலாம். நடைமுறையில் நம் ஊரில் பாதிப்பேர் இதைக் கண்டுகொள்வதில்லை என்பது எனக்குத் தெரியும். கேள்வி எழும்போது மாட்டிக்கொள்பவர் ஒன்றும் அறியாத வாடகைதாரர் என்பதால், அவரிடம் ஒப்பந்தம் போடும்போதே எழுதிச் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

வீட்டு வேலைகளுக்காக அப்பாவுக்கு அதிகாரப் பத்திரம் கொடுப்பதானால், புறப்படுவதற்கு முன் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள். வாடகை வசூலிக்க, மின்வாரியத்திலும் மாநகராட்சியிலும் கையெழுத்திட, வங்கியில் கடன் தொடர்பாகப் பேச என்று பொருளை வரையறுத்து எழுதுவது நல்லது. விற்கும் அதிகாரம் தேவையில்லை. மறந்துபோய் அங்கிருந்து அனுப்ப நேர்ந்தால், தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று, பத்திரம் இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும்.

அப்பாவின் வயல் யோசனையைப் பற்றி: வெளிநாடுவாழ் இந்தியர் வேளாண் நிலமோ தோட்டமோ பண்ணை வீடோ வாங்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. இங்கே இருந்தபோது வாங்கியதை வைத்துக்கொள்ளலாம், பெற்றோர் வழியில் வருவதையும் பெறலாம். அதனால்தான் ‘போவதற்குள் வாங்கிவிடு’ என்று பெரியவர்கள் அவசரப்படுத்துகிறார்கள். தாமிரபரணிப் பாசனத்தில் வயல் கைக்கு வருவது அரிது என்ற அவர்கள் ஆசையும் புரியக்கூடியதே. இருந்தாலும் புறப்படும் மாதத்தில் ஐந்து லட்சத்துக்கே நகையைத் தேடும் ஒருவர் வயல் வாங்கக் கூடாது. பின்னாளில் பணம் சேர்ந்து, நல்ல வயலும் அமைந்தால், நீங்கள் அப்பாவுக்கு அன்பளிப்பாகப் பணம் அனுப்பி அவர் தம் பெயரில் வாங்கலாம். மகன் தரும் அன்பளிப்புக்குப் பெற்றோருக்கு வரி இல்லை. ஆனால் அந்த வயல் அப்பாவுடையது; உயில் இல்லாவிட்டால் நாளை தங்கைக்கும் அதில் பங்குண்டு. அதை மனத்தில் ஒப்புக்கொண்டு அனுப்புங்கள், அல்லது அனுப்பாதீர்கள். வயல்தான் வேண்டுமென்று இல்லாமல் பெற்றோருக்கு ஒரு வருமானம் வேண்டும் என்றால், அறுபது வயது கடந்தவர் அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் வரை போடலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி கைக்கு வரும்.

அமெரிக்காவுக்கோ பிரிட்டனுக்கோ போகும் உங்கள் சக ஆசிரியர்களுக்காகச் சில வரிகள். அமெரிக்காவில் பேராசிரியர் சம்பளம் ஒன்பது மாதத்துக்கானதாக இருக்கலாம்; கோடை மாதங்களுக்கு எடுத்து வைக்க வேண்டும். கற்பிக்கவோ ஆராயவோ இரண்டு ஆண்டுக்கு மிகாமல் செல்லும் இந்தியருக்கு வரி ஒப்பந்தத்தின் 22ஆம் பிரிவு அமெரிக்க வருமான வரியிலிருந்து விலக்குத் தருகிறது. ஆனால் தங்கல் இரண்டு ஆண்டைத் தாண்டினால் அந்த விலக்கு முதல் நாளிலிருந்தே செல்லாமல் போகும். நீட்டிப்புக்கு ஒப்புக்கொள்ளும் முன் அந்த வரித்தொகை கையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அங்கே வரி விஷயத்தில் வதிவாளர் ஆனபின் இந்திய மியூச்சுவல் ஃபண்டுகளை வைத்திருப்பது பெருந்தொல்லை. போகுமுன் விற்றுவிடுவது மேல். பிரிட்டனில் குடியேற்ற மருத்துவக் கட்டணம் பெரியவர் ஒருவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு. விசாக் காலம் முழுவதற்கும் முன்கூட்டியே கட்ட வேண்டும் என்பதால் குடும்பத்தோடு போவோருக்கு இதுவே மிகப்பெரிய செலவாகிவிடும். பல்கலைக்கழகம் அதை ஈடுசெய்யுமா, கடனாகவாவது தருமா என்று பணியாணையில் கையெழுத்திடும் முன் கேட்க வேண்டும்.

இனிப் பிடித்தங்களில் உங்களுக்குத் திரும்பக்கூடியவை. பொதுத்துறை ஊழியர்க்கான துணை ஓய்வூதிய நிறுவனமான வி.பி.எல்.லில் உங்களையும் தானாகச் சேர்ப்பார்கள். ஐந்து ஆண்டு சந்தா இருந்தால்தான் அதன் வழக்கமான திட்டத்தில் ஓய்வூதிய உரிமை. குறுகிய ஒப்பந்தத்தில் வரும் ஆய்வாளர், சேர்ந்த இரண்டு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால், அதற்குப் பதிலாக அத்தகைய காத்திருப்பு இல்லாத திட்டத்துக்கு மாறலாம். அந்த இரண்டு மாதத்தை அநேகர் தவறவிடுகிறார்கள். பொது ஓய்வூதியத்திலும் அதே அறுபது மாத எல்லைதான். அதற்குக் குறைவாகக் கட்டிவிட்டு இந்தியா திரும்பினால், இருபத்து நான்கு மாதம் காத்திருந்து உங்கள் பங்கை, முதலாளியின் பங்கு நீங்கலாக, திரும்பக் கேட்கலாம். இரு நாடுகளுக்கும் இடையே 2017 மே மாதம் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தப்படி இங்கே கட்டிய காலத்தையும் அங்கத்தியதோடு சேர்த்து எண்ணும் வழி இருக்கிறது. பணத்தைத் திரும்ப வாங்கிவிட்டால் அந்த உரிமை முடிந்துவிடும். ஆகவே மறுபடி ஜெர்மனி போகும் எண்ணம் இருக்கிறதா என்று பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

ஒப்பந்தம் முடிவதற்கு மூன்று மாதம் முன்பே வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துகொள்ளுங்கள். இரண்டு ஆண்டு சந்தா கட்டியவருக்கு ஓராண்டு வரை வேலையின்மை உதவி உண்டு. குழந்தை இருந்தால் அது நிகரச் சம்பளத்தில் 67 சதவீதம். ஆய்வாளர் அனுமதியில் இருப்பவர், பணி முடிந்தபின் ஒன்பது மாதம் வரை வேலை தேடித் தங்க விண்ணப்பிக்கவும் முடியும். திரும்பி வருவதாக முடிவானால், ஜெர்மன் வங்கிக் கணக்கை அவசரப்பட்டு மூடாதீர்கள். வீட்டு முன்பணம் கணக்குத் தீர்ந்து வரச் சில மாதம் ஆகும், கடைசி ஆண்டு வரியில் திரும்பக் கிடைக்கும் தொகை அதற்குப் பின்னும் வரும்.